முழங்கால் வலி என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் சேரியில் 13 வயதுப் பையன். வலது முழங்காலுக்கு மேலே வலி. கபடி ஆடி விழுந்திருப்பான் என்று எண்ணெய் போட்டு நீவினார்கள், கட்டும் போட்டார்கள். ராத்திரியில் வலி தாங்காமல் அழுதான். அப்பா செங்கல் சூளையில், அம்மா நூறு நாள் வேலையில். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். எக்ஸ்ரே எடுக்க நான்கு மாதம் ஆகிவிட்டது. எலும்புப் புற்றுநோய்.

நோயின் நிலையை அறிய மேலும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். "நோவு தெரிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குண்ணே இத்தனை ஸ்கேனு?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். நோய் பிறந்த எலும்போடு நிற்கிறதா, பரவிவிட்டதா என்று பார்ப்பதே நிலை அறிதல். இந்நோய் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். அதனால்தான் காலில் கட்டி இருக்க, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன். கட்டி எதுவரை போயிருக்கிறது, ரத்தக்குழாயைத் தொடுகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும், காலைக் காப்பாற்ற முடியுமா என்பது அதில் தெரியும். மற்ற எலும்புகளை எலும்பு ஸ்கேன் பார்க்கும். திசு எடுக்கும் சோதனையை, அறுவை செய்யப்போகும் மருத்துவக் குழுவிடமே செய்துகொள்வது நல்லது. தவறான இடத்தில் கீறினால் காலைக் காப்பது கடினமாகிவிடும்.

இளம்பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ஆஸ்டியோசர்கோமா பரவாத நிலையில் தெரிந்து, முழுச் சிகிச்சையும் கிடைத்தால் 10 பேரில் 6, 7 பேர் பிழைக்கிறார்கள். பரவிய பிறகு 2, 3 பேர்தான். பரவியிருந்தாலும் கைவிடத் தேவையில்லை. நுரையீரல் கட்டிகளை அறுத்தெடுத்துப் பிழைத்தவர்களும் உண்டு. பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து.

நோய் சாதி பார்த்து வருவதில்லை. ஆனால் கூலியையும் பஸ் செலவையும் எண்ணி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடும் நிலை நம் தெருவில்தான் அதிகம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, நோய் வருமுன்பே அட்டையை எடுத்து வையுங்கள். பிள்ளைக்கு ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வலி, ராத்திரி வலி, வீக்கம் என்றால் நீவ வேண்டாம், எக்ஸ்ரே கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பதும் உண்டு: இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே மருத்துவமனையில், அலையவிடாமல் நடக்க வேண்டும். உடன் இருக்கும் பெற்றோருக்கு அந்த நாட்களின் கூலியும் பயணச் செலவும் தர வேண்டும்.

பையனின் நுரையீரலுக்கு நோய் பரவவில்லை. கீமோ தொடங்கியிருக்கிறது. சிகிச்சை முடியும்வரை அந்த வீட்டு அடுப்பு எரிவதைத் தெரு பார்த்துக்கொள்ள வேண்டும்.