புல்வார் ரோடு சொல்லும் கதை



புதுச்சேரியின் வரைபடத்தை எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா? கிழக்கே கடற்கரைச் சாலை. மேற்கே அண்ணா சாலை. வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை. தெற்கே சுப்பையா சாலை. இந்த நான்கையும் விரலால் தொட்டுக்கொண்டே போனால், முட்டை வடிவில் ஒரு கோடு கிடைக்கும். அதற்குள்ளே இருப்பதைத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் 'புல்வார் பகுதி' என்கிறார்கள்.

'புல்வார்' என்பது பிரெஞ்சுச் சொல். இன்று அதற்கு 'அகலமான சாலை' என்று பொருள். ஆனால் அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், 'கோட்டை அரண்' என்ற பொருளில் வந்து நிற்கும்! மதிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் சாலை போட்டார்கள். மதில் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதாவது, நாம் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் போய்வரும் இந்தச் சாலைகள், ஒரு காலத்தில் பீரங்கிகள் நின்ற மதில்கள்!

ஏன் மதில்? யார் இடித்தார்கள்? வாருங்கள், பார்ப்போம்.

கோட்டைக்குள் கோட்டை

அந்நாளில் பிரெஞ்சுக்காரர்களின் இந்தியத் தலைநகரம் புதுச்சேரிதான். ஆங்கிலேயர்களுக்கு சென்னை எப்படியோ, அப்படி. 1693-ல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஊர் திரும்பக் கிடைத்தது. சூடு கண்ட பூனை அல்லவா? உடனே ஆளுநர் பிரான்சுவா மர்த்தேன் ஒரு பலமான கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1706-ல் அது முடிந்தது. பெயர் 'லூயி கோட்டை'. இன்று நீங்கள் சறுக்குமரம் விளையாடும் பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமும்தான் அந்த இடம்.

அது ஐந்து மூலை கொண்ட கோட்டை. ஏன் ஐந்து மூலை? ஒரு தாளில் சதுரக் கோட்டை ஒன்றை வரையுங்கள். மூலைகளில் வட்டமான கோபுரங்கள் வையுங்கள். ஒரு கோபுரத்தின் மூக்குக்கு நேர் எதிரே பகைவன் வந்து ஒட்டிக்கொண்டால், மதில் மேல் இருப்பவர்களால் அவனைச் சுட முடியாது. அங்கே குண்டு போகாத ஒரு சந்து இருக்கும். இப்போது வட்டக் கோபுரத்துக்குப் பதிலாக அம்பு முனை போல ஒன்றை வரைந்து பாருங்கள். ஒரு முனையின் இரு பக்கங்களையும் பக்கத்து முனைகளில் இருப்பவர்கள் காக்கலாம். ஒளிய இடமே இல்லை! பீரங்கி வந்தபின் ஐரோப்பாவில் பரவிய முறை இது. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் இதில் பெரிய நிபுணர். அவருடைய முறையில்தான் நம் ஊர்க் கோட்டையும் எழுந்தது.

கோட்டையைச் சுற்றி ஊர். ஊரைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே, கொஞ்ச தூரத்தில், கள்ளியும் முள்ளும் பனையும் அடர்ந்த வேலி. வேலிக்கு நடுநடுவே சிறு காவல் அரண்கள். இத்தனை ஏற்பாடு!

உழிஞையும் நொச்சியும்

ஒரு கோட்டையைச் சூழ்ந்துகொண்டு உள்ளே யாரும் போகாமலும் வெளியே யாரும் வராமலும் தடுப்பதுதான் முற்றுகை. நம் முன்னோர் இதற்குப் பூவின் பெயர் வைத்தார்கள். வளைக்கிறவர்கள் சூடுவது உழிஞைப் பூ; காக்கிறவர்கள் சூடுவது நொச்சிப் பூ.

புதுச்சேரியை வளைக்க 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் போஸ்கவன் வந்தார். பெரும் படை, பல கப்பல்கள். அப்போது இங்கே ஆளுநர் டூப்ளே. ஆங்கிலேயர்கள் முதலில் அரியாங்குப்பத்தில் இருந்த சிறு கோட்டையோடு மோதிப் பல நாட்களை வீணாக்கினார்கள். பிறகு ஊரை நோக்கிப் பதுங்கு குழி வெட்டத் தொடங்கினார்கள். ஏன் குழி? திறந்தவெளியில் நடந்தால் குண்டு பாயும். குழிக்குள்ளேயே வளைந்து வளைந்து முன்னேறினால் உயிர் தப்பும்.

ஆனால் அவர்கள் குழி வெட்டத் தொடங்கியதோ மதிலிலிருந்து வெகு தூரத்தில். இடையில் சதுப்பு நிலம். இதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது! குழியெல்லாம் தண்ணீர். காய்ச்சலும் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து போஸ்கவன் திரும்பிப் போனார். அந்தப் படையில் இளம் அதிகாரியாக இருந்தவர் யார் தெரியுமா? ராபர்ட் கிளைவ்!

பசி என்னும் ஆயுதம்

பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-ல் கடலூரில் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அடுத்து சென்னையை முற்றுகையிட்டார், அது பலிக்கவில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் லாலியைத் தோற்கடித்தார். பிறகு ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டே புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

கூட் அவசரப்படவில்லை. கடலில் கப்பல்கள், நிலத்தில் படை. அரிசி வரும் வழியெல்லாம் அடைபட்டன. செப்டம்பரில் முள்வேலியும் அவர் கைக்குப் போனது. ஊருக்குள் அரிசி குறையத் தொடங்கியது.

குழந்தைகளே, இனி சொல்லப்போவதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள்.

1760 நவம்பர் 27. கார்த்திகை மாதம். உணவை மிச்சப்படுத்த லாலி ஓர் உத்தரவு போட்டார். ஊருக்குள் இருந்த நம் மக்கள் சுமார் 1,400 பேரை மதிலுக்கு வெளியே துரத்தினார்கள். ஆண்கள், பெண்கள், உங்களைப் போன்ற குழந்தைகள். அவர்கள் முள்வேலிப் பக்கம் போனார்கள். அங்கே இருந்த ஆங்கிலேயர் படை வழிவிடவில்லை. 'இவர்கள் உள்ளே இருந்தால்தானே அரிசி சீக்கிரம் தீரும்' என்பது அவர்களுடைய கணக்கு! திரும்பிக் கோட்டைக்கு வந்தார்கள். அங்கேயும் கதவு திறக்கவில்லை, துப்பாக்கிதான் பேசியது.

முன்னாலும் போக முடியாது. பின்னாலும் போக முடியாது. வெட்டவெளியில் எட்டு நாட்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். கடைசியில்தான் கூட் மனம் இரங்கி வழிவிட்டார்.

இந்தச் சண்டை அவர்களுடையதா? இல்லை. எங்கோ இருந்த இரண்டு நாடுகளின் சண்டை. லாலியின் பெயரும் கூட்டின் பெயரும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

புயலும் முடிவும்

1760-ன் கடைசி இரவு. கடலில் பெரும் புயல்! விடிந்து பார்த்தால், ஆங்கிலேயர்களின் கப்பல்கள் பல மூழ்கியும் கரை ஒதுங்கியும் கிடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டார்கள். 'இப்போது உணவு அனுப்புங்கள்' என்று லாலி பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சு அதிகாரிக்கு அவசரக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கூட்டின் கையில் சிக்கியது! சில நாட்களில் வேறு கப்பல்கள் வந்து கடலை மறுபடி அடைத்துவிட்டன.

ஊருக்குள் யானை, ஒட்டகம், குதிரை என்று கிடைத்ததையெல்லாம் உண்ணும் நிலை. 1761 ஜனவரி 16-ல் ஆங்கிலேயர்கள் வில்லியனூர் வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் இந்த ஊரின் நாட்குறிப்பை எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் கண்மூடினார். அவருடைய வீடு பெரிய மார்க்கெட்டுக்கு அருகே இன்றும் நிற்கிறது.

பிறகு? புனித டேவிட் கோட்டைக்குப் பழிக்குப் பழி! லூயி கோட்டை, மதில், மாளிகைகள் எல்லாம் தரைமட்டம். லாலியை பிரான்சில் துரோகி என்று குற்றம் சாட்டி 1766-ல் தலையை வெட்டினார்கள். 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. பழைய தெருக்களின் மீதே புது ஊரைக் கட்டினார்கள். 1778-லும் 1793-லும் மறுபடி முற்றுகை, மறுபடி தோல்வி. அதன் பிறகு மதில் வேண்டாம் என்றாகிவிட்டது. மதில் இருந்த கோடு சாலையாகிவிட்டது.

வியன்னாவின் வளையம்

நம் ஊருக்கு ஒரு தூரத்து உறவுக்காரர் உண்டு. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா! அதற்கும் அம்பு முனை மதில்கள் இருந்தன. 1683-ல் துருக்கிய ஒட்டோமான் படை இரண்டு மாதம் அதை வளைத்து நின்றது. மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. செப்டம்பர் 12-ல் போலந்து மன்னர் மூன்றாம் ஜான் சோபியெஸ்கி தலைமையில் உதவிப் படை வந்து ஊரைக் காப்பாற்றியது. 1857-ல் அந்த மதிலை இடிக்க உத்தரவானது. அந்த இடத்தில் இன்று ஊரைச் சுற்றி ஓர் அழகான அகலச் சாலை. அதில் டிராம் வண்டி ஓடுகிறது.

பார்த்தீர்களா! அங்கேயும் மதில்தான் சாலையாயிற்று. ஒரு வித்தியாசம், வியன்னாவுக்கு உதவி வந்தது, நமக்கு வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவோடு அண்ணா சாலையில் ஒரு நடை போங்கள். நின்று மேற்கே பாருங்கள். கடைகளும் வண்டிகளும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, அங்கே எங்கோ வெட்டவெளியில் எட்டு நாள் தவித்த அந்தப் பிள்ளைகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். மதில் இல்லாத ஊரில், எந்தப் பக்கமும் நடந்து போகலாம் என்ற நிலையில் வாழ்வது எவ்வளவு பெரிய பேறு என்பது அப்போது புரியும்.

சரிதானே, குழந்தைகளே?