தடுப்பூசியும் நாளுழைப்பும்: குறிஞ்சிப்பிட்டிக் கரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

தடுப்பூசி ஏற்றத் தயங்குவோரை அறியாமையில் உழல்வோராகக் கருதுவது கற்றோரிடையே நிலவும் வழக்கம். ஆயின், இத்தயக்கத்தில் பொருளாதார வாழ்நிலை வகிக்கும் பங்கினை நாம் புறக்கணித்தல் இயலாது.

கற்பிட்டிப் பிரதேசத்தின் கரையோரக் கிராமமான குறிஞ்சிப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். மீன்பிடியும் தோட்டப் பயிர்ச்செய்கையும் நிகழும் இக்கரையில் உழைப்போர் பலரின் வருவாய் அன்றாட உழைப்பிலேயே தங்கியுள்ளது. இலங்கையில் அரச தடுப்பூசித் திட்டம் இலவசமானது. எனினும், கடலுக்குச் செல்லாத நாளுக்கு வருவாய் இல்லை. ஊசியின் பின்வரும் காய்ச்சல் மறுநாள் உழைப்பையும் பறிக்கக்கூடும். எனவே இலவச ஊசிக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலை இன்றே செலுத்தப்படுவது. பயனோ, என்றோ வரக்கூடிய நோய் வாராதிருத்தல். அண்மை இழப்பைப் பெரிதாகவும் சேய்மை நன்மையைச் சிறிதாகவும் கணிப்பது மனித இயல்பு. மாதச் சம்பளம் பெறுவோருக்கும் இவ்வியல்பு உண்டு. ஆயின், அவர்தம் விடுப்பு நாளுக்கும் ஊதியம் உண்டு.

இராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு கருதத்தக்கது. புதிய ஏற்பாடு எதுவும் செய்யப்படாத கிராமங்களில் 6 சதவீதக் குழந்தைகளே முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தனர். தவறாது முகாம் நடத்தப்பட்ட கிராமங்களில் இது 18 சதவீதமாயிற்று. முகாமுடன் ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், இறுதியில் உலோகத் தட்டுகளும் வழங்கப்பட்டபோது 39 சதவீதமாயிற்று. ஊசியை உறுதியாக எதிர்த்த தாயொருத்தி ஒரு கிலோ பருப்புக்காக மனம் மாறினாள் என்பதைவிட, நாளை பார்க்கலாம் எனத் தள்ளிப்போட்டவள் அன்றே புறப்பட்டாள் எனக் கொள்வதே பொருந்தும்.

ஆயினும், கைம்மாறு எல்லாத் தயக்கத்துக்கும் மருந்தன்று. கொவிட் நோயால் இறந்தோரைக் கட்டாயமாகத் தகனஞ்செய்யும் விதி 2020 ஏப்ரலில் விதிக்கப்பட்டு, 2021 பெப்ரவரி இறுதியிலேயே நீக்கப்பட்டது. 2021 ஜனவரி 29 இல் கொவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது அவ்விதி நடைமுறையிலிருந்தது. அடக்க உரிமையை மறுத்த அரசே ஊசியையும் நீட்டியது. புத்தளக் கரையோரத்தில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம் மக்களிடம் அதனால் எழக்கூடிய ஐயத்தைப் பருப்போ பணமோ தீர்க்காது.

ஆகவே, தயக்கத்தின் வகையறிந்தே பரிகாரம் தேடுதல் வேண்டும். நாளுழைப்பே தடையெனின், முகாம் தொழில் நேரத்துக்கு இசைய அமைதலும் இழந்த வருவாய் ஈடுசெய்யப்படுதலும் தகும். நம்பிக்கையின்மையே தடையெனின், மாறவேண்டியது மக்களன்று, அரசின் நடத்தையே என்பது எமது முடிபாகும்.