ராமென் கடைக்கு முதல் தடவை போறீங்களா? முதல்ல சூப்பைப் பற்றிக் கேளுங்க!

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ‘ராமென்’ என்று சொன்னால், பலருக்கும் நினைவுக்கு வருவது மளிகைக் கடையில் சரம்சரமாகத் தொங்கும் நூடுல்ஸ் பாக்கெட்தான். ஆனால், இங்கிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸிலோ திருச்சி - சென்னை நெடுஞ்சாலைப் பேருந்திலோ ஏறி வேலைக்குப் போனவர்களுக்கு இன்னொரு ராமென் அறிமுகமாகிறது. டீம் லஞ்ச், நண்பரின் பிறந்தநாள் பார்ட்டி, முதல் சம்பள ட்ரீட் என்று ஏதோ ஒரு சாக்கில் ஜப்பானிய உணவகத்துக்குள் நுழைகிறார்கள்.

மெனு கார்டைத் திறந்தால் ஷோயு, ஷியோ, மிசோ, டோன்கொட்சு என்று பெயர்கள். எதுவும் புரியாது. சர்வரிடம் கேட்கக் கூச்சம். ‘உங்களுக்கு என்னவோ, எனக்கும் அதே’ என்று சொல்லிவிடுகிறோம். கிண்ணம் வருகிறது. அதில் என்ன இருந்தது என்பது பாதி சாப்பிட்ட பிறகு தெரியவரலாம், தெரியாமலே போகலாம்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவருக்கும், புரட்டாசி விரதம் இருப்பவருக்கும், இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்துப்போகும் என்பவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை. ராமெனில் சுவை, விலை, சிக்கல் மூன்றும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அது சூப். அதைப் புரிந்துகொண்டால் மெனு முழுக்கப் புரிந்துவிடும்.

ராமென் என்பது என்ன?

கோதுமை நூடுல்ஸ், சூடான சூப், மேலே சில பதார்த்தங்கள். அவ்வளவுதான் ராமென். ஜப்பானின் அடையாளமாக இன்று சொல்லப்பட்டாலும் இதன் வேர் சீனாவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோகோஹாமா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறிய சீனர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. 1910-ல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் திறக்கப்பட்ட ‘ராய்ராய்கென்’ என்ற கடையைத்தான் ஜப்பானின் முதல் ராமென் கடை என்று பரவலாகக் குறிப்பிடுகிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் அரிசிக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்காவிலிருந்து கோதுமை மாவு வந்து இறங்கியது. மலிவாக, சூடாக, வயிறு நிறைய எதையாவது சாப்பிட வேண்டிய நிலையில் தள்ளுவண்டி நூடுல்ஸ் நாடு முழுவதும் பரவியது. நம் ஊர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்கள் நிறுத்திச் சாப்பிடும் புரோட்டாக் கடை இருக்கிறதே, ஜப்பானில் ராமென் கடைக்கு ஏறக்குறைய அந்த இடம். கோட் போட்டுக்கொண்டு போக வேண்டிய இடமே இல்லை. அங்கே பல கடைகளில் வாசலில் இருக்கும் எந்திரத்தில் காசு போட்டு டோக்கன் எடுத்து, நீளமான மேசை முன்னால் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். 2015 டிசம்பரில் டோக்கியோவின் ‘சுதா’ என்ற சின்னக் கடை, ராமென் கடைகளில் முதன்முதலாக மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. அதன் பிறகும் ராமென் அங்கே சாமானியர் சாப்பாடுதான்.

பாக்கெட் ராமென் வேறயா?

வேறதான். மொமொஃபுகு ஆண்டோ என்பவர் 1958-ல் நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து உலர்த்தி, வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார். அவருடைய நிஸ்ஸின் நிறுவனம் 1971-ல் கப் நூடுல்ஸையும் கொண்டுவந்தது. இந்தியாவில் ‘ராமென்’ என்ற சொல்லைப் பட்டிதொட்டியெல்லாம் சேர்த்தது அதே நிறுவனத்தின் ‘டாப் ராமென்’ பாக்கெட்.

கொரியத் தொடர்களில் வரும் சிவப்பு நிறக் காரமான நூடுல்ஸ் இன்னொரு கிளை. அதன் பெயர் ராம்யொன். அதுவும் பெரும்பாலும் பாக்கெட் வகைதான். அதன் காரத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2024 ஜூனில் டென்மார்க் அரசு, கொரியாவின் ‘புல்டாக்’ நூடுல்ஸில் மூன்று வகைகளைக் காரம் அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லிக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதமே அவற்றில் இரண்டு வகைகளுக்குத் தடை நீங்கியது.

பாக்கெட்டில் சுவை மசாலாத் தூளில் இருக்கிறது. கடை ராமெனில் மணிக்கணக்காகக் கொதிக்கும் பாத்திரத்தில் இருக்கிறது. விலை வித்தியாசத்துக்கும் அதுதான் காரணம்.

சூப்பில் அப்படி என்னதான் இருக்கு?

ஆட்டுக்கால் பாயா வைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இது எளிதாகப் புரியும். எலும்பை நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் அதிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும். உதடு ஒட்டுகிற அந்தப் பசைத்தன்மை அதனால் வருவதுதான். ராமென் சூப்பும் கோழி எலும்பு, பன்றி எலும்பு, உலர்ந்த மீன், கடற்பாசி இவற்றில் ஒன்றையோ பலவற்றையோ கொதிக்க வைத்துச் செய்வது. மிளகு, சீரகம், மல்லி போன்ற நம் மசாலா எதுவும் இல்லை. அதனால் முதல் வாய்க்குச் ‘சப்பென்று இருக்கே’ என்று தோன்றலாம். இரண்டாவது, மூன்றாவது வாயில்தான் ருசி பிடிபடும்.

அந்த ருசிக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் உமாமி. 1908-ல் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர், கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து அதற்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். உலர்ந்த மீனிலும் இதே ருசியைத் தூண்டும் வேறொரு பொருள் இருப்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. கட்சுவோபுஷி எனப்படும் அந்த உலர்மீன் நமக்கு அந்நியமானது இல்லை. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டைபோலக் காய வைப்பதுதான் அது. தூத்துக்குடி, காயல்பட்டினம், இலங்கைச் சமையலில் வரும் மாசிக் கருவாட்டின் ஜப்பானியச் சொந்தக்காரன் என்று சொல்லலாம்.

நூடுல்ஸிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ராமென் நூடுல்ஸ் மஞ்சளாகவும் இழுத்தால் சுண்டுகிற மாதிரியும் இருக்கும். முட்டை போட்டதால் என்று நினைப்போம். பெரும்பாலும் காரணம் ‘கன்சுய்’ எனப்படும் காரத்தன்மையுள்ள உப்பு. நம் ஊரில் உளுந்து மாவில் அப்பளக்காரம் சேர்த்துப் பிசைகிறோமே, அது மாதிரி.

மெனுவில் வரும் நான்கு பெயர்கள்

ஷியோ: உப்பு என்று பொருள். தெளிந்த, லேசான சூப்.

ஷோயு: சோயா சாஸ் சேர்த்தது. பழுப்பு நிறம். முதல் தடவை போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

மிசோ: புளிக்க வைத்த சோயா விழுது சேர்த்தது. குளிர் அதிகமான சப்போரோ நகரில் புகழ்பெற்றது. கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நம் நாக்குக்குச் சீக்கிரம் ஒத்துப்போகும்.

டோன்கொட்சு: பன்றி எலும்பு என்றே பொருள். பல மணி நேரம் கொதித்துப் பால்போல வெளுத்திருக்கும். கியூஷு தீவின் வகை இது.

இங்கே கவனிக்க வேண்டியது: முதல் மூன்றும் உப்புச்சுவை எதிலிருந்து வருகிறது என்பதைச் சொல்கின்றன. நான்காவது மட்டும்தான் எந்த எலும்பு என்பதைச் சொல்கிறது. அதனால் ‘ஷோயு ராமென்’ என்று எழுதியிருந்தால் அதில் பன்றி இல்லை என்று அர்த்தம் ஆகாது. அடியில் இருப்பது கோழி சூப்பாகவும் இருக்கலாம், பன்றி சூப்பாகவும் இருக்கலாம். ‘சிக்கன் ராமென்’ என்ற பெயர்கூட, மேலே வைத்த கறித்துண்டை மட்டும் குறிக்கலாம்.

சர்வரிடம் என்ன கேட்பது?

ஆர்டர் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. ‘சூப் எந்த எலும்பில் செய்தது?’ ‘போர்க் இருக்கா?’ என்று மட்டும் கேட்டால், மேலே போடும் துண்டை நீக்கிவிட்டுக் கொடுத்துவிடக்கூடும். சூப் என்று சொல்லியே கேளுங்கள்.

2. ‘வெஜ் ராமெனில் மீன் சேர்க்கிறீங்களா?’ ‘தாஷி’ எனப்படும் ஜப்பானிய அடிப்படைச் சூப்பில் பெரும்பாலும் உலர்மீன் இருக்கும். காய்கறி மட்டும் மிதப்பதால் அது சைவம் ஆகிவிடாது. கொம்பு, காளான் மட்டும் போட்ட தாஷியும் உண்டு.

3. ‘மிரின், சாகே சேர்க்கிறீங்களா?’ இரண்டும் அரிசியிலிருந்து செய்யும் மதுவகைகள். சாஸிலும் முட்டை ஊற வைக்கும் கலவையிலும் வரலாம்.

4. ‘இறால், நண்டு, எள், முட்டை இருக்கா?’ ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். கோதுமையும் சோயாவும் ராமெனில் அநேகமாக இருந்தே தீரும். அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு உணவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

5. ‘முட்டை எவ்வளவு வெந்தது?’ ராமென் முட்டையில் மஞ்சள் கரு பாதிதான் வெந்திருக்கும். கர்ப்பிணிகள் முழுதாக வேக வைத்துக் கேட்கலாம்.

கேட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். பல கிளைகளுடன் நடக்கும் பெரிய உணவகங்கள் கலோரி அளவையும் ஒவ்வாமைத் தகவலையும் தெரிவிக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சின்னக் கடையிலும் சமையலறைக்குப் போய்க் கேட்டுவந்து சொல்லச் சொல்வதில் தப்பே இல்லை. பதில் தெரியாமல் மழுப்பினால், வேறு ஏதாவது ஆர்டர் செய்யுங்கள்.

எப்படிச் சாப்பிடுவது?

கிண்ணம் வந்ததும் ஐந்து கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் நூடுல்ஸ் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். ஒரு போட்டோ போதும். முதலில் ஒரு கரண்டி சூப் குடியுங்கள். பிறகு நூடுல்ஸ். ‘சர்’ரென்று உறிஞ்சலாம். ஜப்பானில் அது மரியாதைக் குறைவு இல்லை, சூடும் தணியும்.

சாப்ஸ்டிக் பிடிக்க வரவில்லையா? ஃபோர்க் கேளுங்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றுக் கிண்ணத்தில் நட்டுக்குத்தலாக மட்டும் குத்தி வைக்காதீர்கள். ஜப்பானில் அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் ராமெனை முழுதாகக் குடித்தாலே அந்த அளவைத் தொட்டுவிடலாம், தாண்டியும்விடலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் பாதிச் சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

விலை நியாயமா?

ஜப்பானில் ஒரு கிண்ணம் ராமென் ‘1,000 யென்’ தாண்டக் கூடாது என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 600 ரூபாய். பொருள்களின் விலை, எரிபொருள், கூலி எல்லாம் ஏறியும் கிண்ணத்தின் விலையை ஏற்ற முடியாமல் பல சின்னக் கடைகள் அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டன. தெருக்கடை உணவு அங்கேயே திணறும்போது, மிசோவும் கடற்பாசியும் இறக்குமதி செய்து நடத்தும் சென்னைக் கடையில் விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் பில்லைப் பாருங்கள். தனி உணவகங்களில் பொதுவாக ஜிஎஸ்டி 5 சதவீதம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாகச் சேர்த்திருந்தால், அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

பார்சல் வாங்குவதாக இருந்தால் சூப்பையும் நூடுல்ஸையும் தனித்தனியாகக் கட்டித் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றாகக் கட்டினால் வீட்டுக்கு வருவது கஞ்சி.

நம்ம ஊருக்கு வருமா?

தமிழ்நாட்டில் ஜப்பானிய உணவு பெருகியதற்குத் தொழிற்சாலைகளும் ஒரு காரணம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிக்கு வந்த ஜப்பானிய நிறுவனங்களோடு அவர்களின் பொறியாளர்களும் வந்தார்கள், அவர்களுக்காகச் சமையலும் வந்தது. பெரம்பலூரில் டயர் தொழிற்சாலையும் அரியலூரில் சிமென்ட் ஆலைகளும் இருந்தாலும் அப்படியொரு வாடிக்கையாளர் கூட்டம் இங்கே இல்லை. சூப் பாத்திரத்தைப் பாதி நாள் கொதிக்க வைத்துவிட்டுப் பத்து கிண்ணம் மட்டும் விற்றால் கேஸ் காசுகூடத் தேறாது. கடை வராததற்கு ருசியைவிட இந்தக் கணக்குதான் பெரிய தடை.

வீட்டில் செய்து பார்க்கத் தடையில்லை. கோழி எலும்பு, இஞ்சி, பூண்டு போட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கிண்ணத்தின் அடியில் இரண்டு கரண்டி சோயா சாஸ் ஊற்றி, அதன் மேல் கொதிக்கும் சூப்பை விடுங்கள். பாக்கெட் நூடுல்ஸை மசாலா இல்லாமல் தனியாக வேக வைத்து அதில் போடுங்கள். பாதி வெந்த முட்டை ஒன்று. அதற்கு மேல், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம்.

வெங்காயம் நாமாகச் சேர்த்த ஒட்டு இல்லை. டோக்கியோவின் மேற்கே இருக்கும் ஹச்சியோஜி நகரத்து ராமெனுக்கு அடையாளமே பொடியாக நறுக்கிய வெங்காயம்தான். அங்கே பெரிய வெங்காயம் போடுகிறார்கள். பெரம்பலூர்க்காரர்கள் சின்ன வெங்காயத்தையே நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.