நிஷிகளின் தொப்பியும் இருவாச்சியின் அலகும்

அருணாசலப் பிரதேசத்தின் நிஷி பழங்குடி ஆண்கள் பிரம்பால் பின்னிய தொப்பி அணிபவர்கள். அதன் உச்சியில் இருவாச்சியின் பெரிய அலகு கொண்டையோடு நிற்கும். நம் வால்பாறைக் காடுகளில் பறக்கும் அதே பெரிய இருவாச்சிதான்.

முன்பெல்லாம் அது வேட்டையாடிய பறவையின் அலகு. இறைச்சிக்காகவும் கொழுப்புக்காகவும்கூட இருவாச்சியைச் சுட்டார்கள். அத்தி பழுத்த மரத்தடியில் காத்திருந்தாலே போதும், பறவை தானாக வந்துவிடும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் சுட்டால் இந்த வேட்டை இன்னும் கொடுமையானது. இனப்பெருக்கக் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தால் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் வெளியே வராது, இறகும் உதிர்த்துவிடும். சிறு பிளவு வழியாக ஆண் ஊட்டும் இரைதான், பெரும்பாலும் பழம், தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு. அந்த ஆண் சுடப்பட்டால் உள்ளே இருப்பவை பிழைப்பது அரிது.

2000-களின் தொடக்கத்தில் வனத்துறையும் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் உண்மையான அலகுக்குப் பதிலாகக் கண்ணாடியிழையில் செய்த அலகுகளைக் கொடுத்தன. இன்று விழாக்களில் பல தொப்பிகளில் இருப்பவை அவைதான். தொப்பியைக் கழற்றிவிடுங்கள் என்று அந்த மக்களிடம் யாரும் சொல்லவில்லை. இந்த முயற்சியில் நான் மிகவும் மதிப்பது அதையே. அடையாளத்தைப் பறித்துவிட்டுப் பறவையைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தொப்பியைவிடப் பெரிய மாற்றம் காட்டுக்குள் நடந்தது. அருணாசலத்தின் பாக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களின் தலைவர்கள் கோரா ஆபே என்ற அமைப்பாகத் திரண்டார்கள். வேட்டைக்கு அபராதம் விதித்தார்கள். 2011-12-இல் இந்த அமைப்பும் வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்து கூடு தத்தெடுப்புத் திட்டத்தைத் தொடங்கின. நகரத்தில் இருப்பவர்கள் ஒரு கூட்டுக்குப் பணம் கட்டுவார்கள்; அது அந்தக் கூட்டைக் காக்கும் உள்ளூர்க்காரருக்குச் சம்பளமாகப் போகும். காவலர்களில் முன்னாள் வேட்டைக்காரர்களும் உண்டு. எந்த மரத்தில் பொந்து, ஆண் எப்போது இரையோடு திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அன்று பறவையை வீழ்த்திய அதே அறிவுக்கு இன்று கூலி கிடைக்கிறது. 2015 முதல் ‘பாக்கே பாகா’ என்று இருவாச்சிக்கென்றே விழா எடுக்கிறார்கள். ‘பாகா’ என்றால் நிஷி மொழியில் இருவாச்சி.

துப்பாக்கி ஓரளவு அடங்கிய இடத்தில் இப்போது ரம்பம் கேட்கிறது. காப்பகத்துக்கு வெளியே இருக்கும் பாப்பும் காப்புக்காட்டில் கள்ள மரவெட்டால் காடு குறைந்திருக்கிறது. இந்தத் திட்டத்தில் காக்கப்படும் கூடுகள் பலவும் அங்கேதான். இருவாச்சி தானாகப் பொந்து குடைவதில்லை. முதிர்ந்த பெருமரத்தில் இயற்கையாக விழுந்த பொந்துதான் வேண்டும், அதற்கே ஆண்டுதோறும் திரும்பி வரும். கூட்டுக் காவலர்கள் மரத்தையும் சேர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது. ரம்பத்தோடு வருபவர்களைத் தடுக்கும் சுமையை அவர்கள் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. அதற்கு அரசு வர வேண்டும்.