கோடு போட்டால் போதுமா?

வீட்டில் உள்ள சோப்பு உறையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் சில கோடுகள் தெரியும். அவற்றின் அடியில் 13 எண்கள் இருக்கும். இதற்கு "பார்கோடு" என்று பெயர்.

பொருளின் விலைதான் இந்தக் கோடுகளில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. இதில் இருப்பது அந்தப் பொருளுக்கு உரிய எண். அவ்வளவுதான்! விலை, கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

மணலில் பிறந்தது

1948-ம் ஆண்டு. அமெரிக்காவில், பிலடெல்பியா நகரில் உள்ள ஒரு கல்லூரிக்கு மளிகைக் கடைகளின் அதிபர் ஒருவர் வந்தார். பொருள்களுக்கு விரைவாகக் கணக்குப் போட ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்.

அங்கு படித்த பெர்னார்டு சில்வர் அதைக் கேட்டார். நண்பர் உட்லாண்டிடம் சொன்னார்.

உட்லாண்டுக்குத் தந்தி அடிக்கும் முறை தெரியும். ஒருநாள் மியாமி கடற்கரையில் உட்கார்ந்து, தந்தியின் புள்ளிகளையும் கோடுகளையும் மணலில் விரலால் கீழே இழுத்தார். மெல்லிய கோடும் தடித்த கோடும் கிடைத்தன! 1952-ல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

ஆளுக்கு ஓர் எண்

ஆனாலும் கடைக்கு வர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கோட்டைப் படிக்க நல்ல எந்திரம் அப்போது இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது.

ஒரே சோப்புக்குப் பத்துக் கடைக்காரர்கள் பத்து எண் கொடுத்தால் என்ன ஆகும்? எந்த எண்ணை உறையில் அச்சடிப்பது?

1970-ல் வியாபாரிகளும் உற்பத்தியாளர்களும் கூடிப் பேசினார்கள். கடையில் போட்டி போடுகிறவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள்! ஒரு பொருளுக்கு ஒரே எண் என்று முடிவு ஆயிற்று. 1973-ல் கோட்டின் வடிவமும் முடிவாயிற்று.

1974 ஜூன் 26-ந் தேதி ஒகையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரில், எந்திரம் முதல் பொருளைப் படித்தது. அது 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம்! அதைப் பார்க்க சில்வர் உயிரோடு இல்லை. 1963-லேயே இறந்துவிட்டார்.

1977-ல் ஐரோப்பாவின் 12 நாடுகள் சேர்ந்து 13 எண் முறையைக் கொண்டு வந்தன.

890 என்றால்?

எண் 890 என்று தொடங்கினால், அது இந்தியாவில் பதிவு செய்து வாங்கிய எண். பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று அர்த்தம் அல்ல.

மருந்துக்குக் காவல்

சோப்பில் தவறு நேர்ந்தால் காசுதான் போகும். மருந்தில் நேர்ந்தால் உயிரே போகும். அதனால், 2023 ஆகஸ்டு 1 முதல் இந்தியாவில் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் பார்கோடோ, கியூ.ஆர். கோடோ இருக்க வேண்டும் என்பது சட்டம். மருந்தின் எண், தயாரித்தவர் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஒரு தொகுதி மருந்து கெட்டுவிட்டால், அதை மட்டும் தேடிப் பிடிக்க இந்த எண்கள் உதவும். ஆனால், ஒரு நிபந்தனை. தயாரிப்பவர், மொத்த வியாபாரி, மருந்துக் கடைக்காரர் ஆகிய மூவரும் ஒரே எண்ணைப் பயன்படுத்த வேண்டும். ஆளுக்கு ஓர் எண் வைத்தால் கோடு இருந்தும் பயன் இல்லை!