மலையடியில் ஒரு மனை: அன்றும் இன்றும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் போகும் வீதியில், மலை இறங்கத் தொடங்கும் இடம் கலகெதர. கண்டி இராச்சியத்துக்கு இது ஒரு வாசல். 1803இல் படையெடுத்து வந்த ஆங்கிலேயர் கடக்கவேண்டியிருந்த காவல் அரண்களில் ஒன்று இங்கே இருந்தது. மலை இருக்கப் பயமில்லை என்று வாழ்ந்த ஊர்.

அன்று வீட்டுக்கு இடம் தேடியவர்கள் தண்ணீரைப் பார்த்தே இடம் பிடித்தார்கள். பள்ளத்தில் வயல், சற்று மேலே கிணறும் வீடும், சுற்றிலும் பலா, கமுகு, கித்துள், மிளகுக்கொடி, உச்சியில் காடு. மண்ணை ஆழமாக வெட்ட இயந்திரமும் இல்லை, அவசியமும் இல்லை. சரிவை வேர்கள் பிடித்து நின்றன.

இன்று காணி பார்க்கப் போனால், “எத்தனை பேர்ச்? வாகனம் ஏறுமா?” என்பதே பேச்சு. பத்துப் பேர்ச் சரிவைப் பெக்கோ ஓரிரு நாளில் சமமாக்கிவிடும். சமையலறைக்குப் பின்னால் நாலடி தள்ளிச் செம்மண் செங்குத்தாக நிற்கும். அறுபட்ட பலாவேர்கள் அதில் தொங்கும். வடிகால் இல்லாத மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். பாரம் ஏறிய மேட்டைத் தாங்க அடிவாரம் இருக்காது.

மழையும் மாறிவிட்டது. காற்று சூடாக ஆக அதிக ஈரத்தைச் சுமக்கிறது. கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம்.

இடத்தைத் தெரிவுசெய்வது எல்லோருக்கும் வாய்ப்பதுமில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. ஆனால் லயத்து மக்களுக்கு மாற்றுக் காணி கிடைக்கவில்லை. 2014 அக்டோபர் 29இல் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பாதுகாப்பான காணி கொடுக்காத எச்சரிக்கை பாதி எச்சரிக்கைதான்.

தெரிவு கையில் உள்ளவர்கள் முற்பணம் கொடுக்குமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். அடைமழை நாளில் ஒருமுறை போய், தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நின்று பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் தரை வெடிப்பு, சாயும் மரம், திடீர் ஊற்று, கலங்கிய நீர் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் வெளியேறுங்கள். ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தாலும் அப்படியே. வீட்டைத் திரும்பக் கட்டலாம்.