வீட்டுச் செடிகளிற் சாம்பற் பூசணம்

உதகமண்டலம், குன்னூர், கோடைக்கானல் முதலிய மலையூர்களில் தாழ்வாரங்களிலும் சன்னலோரங்களிலும் தொட்டிச் செடிகள் வளர்ப்போர், மழையும் மூடுபனியும் மிகுந்த நாட்களில் ஒரு துன்பத்திற்கு ஆளாவதுண்டு. செழித்துப் பூத்து நின்ற ஜெரேனியம் அல்லது பிகோனியாவின் பூங்கொத்து பழுப்படைந்து நைந்து, இரண்டொரு நாளில் அதன்மேல் எலிமயிர் போன்ற சாம்பல் நிறப் பூசணம் படர்கின்றது. ரோஜா மொட்டுகள் விரியாமலே தலைசாய்ந்து அழுகுகின்றன. இதனை உண்டாக்குவது பொட்ரைட்டிஸ் சினேரியா என்னும் பூசணமாகும். 1794-ஆம் ஆண்டில் பெர்சூன் என்னும் தாவர நூலறிஞர் இப்பெயரை இட்டார். சினேரியா என்னும் இலத்தீன் சொல் சாம்பல் நிறமுடையது எனப் பொருள்படும்.

தமிழில் "சாம்பல் நோய்" என வழங்குவது வேறொரு நோயாதலால், பெயரொற்றுமை பலரை மயக்கிவிடுகின்றது. அந்நோயில் இலைமேல் வெண்ணிற மாவு படியும். தொடக்கத்தில் விரலால் துடைத்துப் பார்த்தால் அடியில் இலை பசுமையாகவே இருக்கும். அதற்குக் கந்தகத்தூள் நன்மருந்து. சாம்பற் பூசணமோ தான் பற்றிய பாகத்தையே அழுகச் செய்வது. துடைத்தால் அடியில் ஈரமாய் நைந்த சதையே காணப்படும். செடியை அசைத்தால் புகைபோல் தூள் கிளம்பும். இதற்குக் கந்தகத்தூளைத் தூவிக் காத்திருப்பது வீணே. அந்த நாட்களுக்குள் அழுகல் பூவிலிருந்து தண்டிற்கு இறங்கிவிடும். அசுவினி, மாவுப்பூச்சி ஆகியவற்றின் தேன்போன்ற கழிவின்மேல் வளரும் கரும்பூசணம் இவ்விரண்டினும் வேறானது.

இப்பூசணம் வலிமையுள்ள இலையை முதலில் பற்றுவது அரிது. வாடிய இதழ், பழுத்த இலை, வெட்டிய காயம் இவையே அதன் நுழைவாயில். அங்கு வேரூன்றிய பின்னரே அருகிலுள்ள பச்சைப் பாகத்தை அழிக்கும். இலைமேல் உதிர்ந்து ஒட்டிக் கிடக்கும் ஒரே ஓர் இதழ் போதும். அதன் வடிவிலேயே இலையில் அழுகற்புள்ளி தோன்றுவதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். இது தழைப்பதற்கு 15 முதல் 23 டிகிரி செல்சியஸ் வெப்பமும், சில மணி நேரம் உலராத ஈரமும் மிக ஏற்றவை. சமவெளியின் வெயில் இதற்கு ஒவ்வாது. எனினும் அங்கும் மழைக்காலத்தில் ஆமணக்குக் குலைகளை இதன் இனத்தைச் சேர்ந்த வேறொரு பூசணம் கெடுக்கின்றது.

நோயுற்ற பூவை வெறுங்கையால் பறித்து உதறலாகாது. காகிதப்பை ஒன்றை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, அழுகலுக்குக் கீழே நல்ல பாகத்திலுள்ள கணுவுக்குச் சற்று மேலாக வெட்டிப் பையோடு எரித்துவிடல் வேண்டும். எருக்குழியில் இடுதல் தவறு; அழுகிய பாகங்களில் உண்டாகும் சிறு கரிய கட்டிகள் பல மாதம் உயிரோடிருந்து மீண்டும் நோயைப் பரப்பும். கணுவுக்கு மேல் நீண்ட கட்டை விடுவதும் பூசணத்திற்கு இடங்கொடுப்பதாகும்.

நீரைக் காலையில், இலை நனையாமல், மண்ணில் ஊற்றுக. மாலையில் தெளிக்கும் நீர் இரவு முழுதும் உலர்வதில்லை. தொட்டிகளை நெருக்கி அடுக்குவதும், குளிருக்கு அஞ்சிப் பகலிலும் சன்னலை மூடிவைப்பதும் தீங்கையே விளைக்கும். கண்ணாடியில் வியர்க்கும் நீர் சொட்டும் இடத்தில் செடியை வைக்கலாகாது. தழைச்சத்து மிகுதியாக இட்டால் இளந்தண்டுகள் மென்மையுற்று எளிதில் அழுகும்.

மருந்தை மட்டும் நம்புவோர் ஒன்றை அறிதல் நலம். பெனோமில் என்னும் மருந்து ஒருகாலத்தில் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. ஆயினும் அம்மருந்திற்கு அடங்காத பூசணம் தொட்டியில் வளர்க்கும் சைக்ளமென் செடியில் தோன்றியதை ஹாலந்து தேசத்தார் 1971-இலேயே வெளியிட்டனர். மேலும், மக்கள் வாழும் அறையில் நச்சுமருந்து தெளித்தல் தகாது.

பிரான்சில் சோதேர்ண் பகுதியார் இதே பூசணம் பற்றிய திராட்சையிலிருந்து விலையுயர்ந்த இனிப்பு மது வடிக்கின்றனர் என்பது வியப்பே. தொட்டிச் செடி வளர்ப்போருக்கு அதனால் யாதொரு இலாபமும் இல்லை.

அழுகல் அடித்தண்டை எட்டிவிட்டால் அச்செடியைக் காக்க முயலாமல் மண்ணோடு அகற்றித் தொலைவில் ஆழப் புதைத்து, தொட்டியைக் கொதிநீரால் கழுவி, நல்ல வெயிலில் பலநாள் உலர்த்திய பின்னரே வேறு செடிக்குப் பயன்படுத்துக.